மெர்த்தருக்குப் போன பேருந்து

இசைத்தட்டு தபாலில் வந்த அன்று ஐர்லிஸ் ப்ராசர் அதைப் பிரித்துப் பார்த்தாள். உறையை முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு மேசைவிரிப்புகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்து, விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுக்கும் வெள்ளை விரிப்புக்கு அடியில், படம் கீழே பார்க்கும்படி வைத்து மூடிவிட்டாள்.

அது அவள் மகளின் முதல் பாட்டு. லண்டனில் பதிவானது. நாடெங்கும் கடைகளுக்குப் போயிருந்தது.

உறையில் டெலித் பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். போட்டிருந்தாள் என்பதைவிட, கோட்டு ஒரு தோளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது என்றால்தான் சரி. தலைமுடி காற்றில் மாட்டிக்கொண்ட வைக்கோல் மாதிரி நின்றது. கண்ணிமையில் நீலச்சாயம். ஐர்லிஸ் இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மேலே பெரிய எழுத்தில் 'டெலித்' என்று மட்டுமே இருந்தது. ப்ராசர் என்ற பெயர் எங்கேயும் இல்லை. அவளுடைய கணவர் எம்லின் ப்ராசர் எபனேசர் சபையின் மூப்பராக இருந்தவர். சுரங்கத் தூசு நெஞ்சை அடைத்துப் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பெயரை யாரோ லண்டனில் உட்கார்ந்துகொண்டு கத்தரித்துப் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு வலித்தது.

அன்று மாலை டெலித் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"நல்லபடியா வந்து சேர்ந்துச்சு. மூலை மடங்கலை."

"பாட்டு கேட்டியாம்மா?"

"கேக்கணும். இன்னிக்கு சபையில பாட்டுப் பயிற்சி இருக்கு. பசங்க காத்திட்டிருப்பாங்க."

அது பொய்யில்லை. ஐர்லிஸ் பொய் சொல்கிறவள் அல்ல. சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவது அவள்தான். டெலித்துக்கும் அவள்தான் சொல்லித்தந்தாள். வார்த்தையின் நடுவில் மூச்சு வாங்காதே, வரி முடிந்ததும் வாங்கு, அது கர்த்தருக்குக் காட்டும் மரியாதை என்று ஏழு வயதில் அவளை நாற்காலிமேல் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள்.

கும்டெர்வென்னில் அந்தப் பாட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் சுரங்கம் மூடியபிறகு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் இட்வால், சொந்தப் பொறுப்பில் ஒரு பெட்டி இசைத்தட்டுகளை வரவழைத்து டாபி ஜாடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தான். ஜனங்கள் வந்தார்கள், உறையைப் பார்த்தார்கள், பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார்கள். ஐர்லிஸ் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். பெற்றவள் பேசாமல் இருக்கும்போது நாம் முந்திக்கொண்டு வாங்கினால் அவளைப் புண்படுத்துவது போலாகும் என்று நினைத்தார்கள். அவர்கள் காட்டியதும் ஒரு பரிவுதான்.

தையல் ஆலையில் ஐர்லிஸுக்கு அடுத்த இயந்திரத்தில் நெஸ்டா. பள்ளிக்கூடம் முதல் கூட்டாளி. அவளுக்கு மட்டும்தான் கேட்கத் துணிச்சல் இருந்தது.

"ஏண்டி, அந்த ரெக்கார்டை நாங்க வாங்கலாமா, கூடாதா?"

"உங்க இஷ்டம்."

"உன் 'உங்க இஷ்டம்' எனக்குத் தெரியாதா? என் கல்யாணத் தொப்பியைப் பார்த்துட்டும் இதையேதான் சொன்னே. அன்னிக்குக் கழட்டினவ இன்னும் தலையில வைக்கலை."

"நான் தொப்பியை ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான்டி சொல்றேன்." நெஸ்டா ஊசியில் நூலைக் கோத்தாள். "பச்சைக் கோட்டைப் பத்தின பாட்டுதானே. பொண்ணு கோட்டை ஒழுங்கா மாட்டாம நிக்கிறா, அவ்வளவுதானே உன் கோவம்? அவளுக்குச் சளி பிடிக்கும்னுதான் எனக்குக் கவலை."

ஐர்லிஸ் சிரிக்கவில்லை.

கும்டெர்வென் வாங்காமலேயே அந்தப் பாட்டு மெதுவாக ஏறியது. எங்கெங்கோ முகம் தெரியாத பெண்கள் வாங்கினார்கள். வானொலியில் எப்போதாவது போட்டார்கள். ஒரு புதன்கிழமை டெலித் மறுபடி கூப்பிட்டாள். அவள் குரல் சிறுத்திருந்தது.

"அம்மா, நாடு முழுக்க அதிகமா விக்கிற பாட்டு லிஸ்ட்ல நாற்பதுக்குக் கொஞ்சம் வெளியில நிக்குது. அடுத்த செவ்வாய்க்கிழமை லிஸ்ட்ல நாற்பதுக்குள்ள வந்துட்டா டிவியில பாடச் சொல்லுவாங்க. இரண்டாவது பாட்டுக்கும் கையெழுத்துப் போடுவாங்க. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"வரலைன்னா முடிஞ்சுது. கம்பெனியில வரிசையா பொண்ணுங்க நிக்கிறாங்கம்மா. ஒரு பாட்டு குடுப்பாங்க. ஏறலைன்னா அடுத்தவளைக் கூப்பிடுவாங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்காக ஜெபம் பண்ணும்மா."

அன்றிரவு ஐர்லிஸ் கட்டிலருகே முழங்காலிட்டாள். வார்த்தை வரவில்லை. கீழே இழுப்பறையில் மகளின் முகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே அவளுக்காக என்ன கேட்பது என்று அவளுக்குப் புரியவில்லை. எழுந்து கீழே போனாள். வெள்ளை விரிப்பைத் தூக்கி இசைத்தட்டை எடுத்தாள். கணப்பின் மேல்தட்டில், எம்லினின் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு போய் ஜெபம் பண்ணினாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவளே எழுந்து நின்றாள்.

"டெலித்தோட பாட்டை எல்லாரும் வாங்கணும்னு கேட்டுக்கறேன்," என்றாள். "சனிக்கிழமைக்குள்ள."

கேன்டீனில் இருந்த பெண்கள் கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். "அப்பாடா," என்றாள் நெஸ்டா. "பாறையில இருந்து தண்ணி வந்திருச்சு."

மாலையில் எல்லோரும் இட்வால் கடைக்குப் போனார்கள். இட்வால் நேர்மையான மனிதன். விற்காத பெட்டி கண்ணெதிரே இருந்தும் உள்ளதைச் சொன்னான்.

"அக்கா, இங்க வாங்கினா லண்டனுக்குத் தெரியாது. என் கடையில மெஷின் இல்லை. கீழே மெர்த்தர் டவுன்ல பெய்னன் கடையில ஒரு மெஷின் வெச்சிருக்காங்க. அவர் விக்கிற ஒவ்வொண்ணையும் அதுல தட்டுவார். ராத்திரி அது போன் லைன் வழியா அங்க போய்ச் சேரும். அதை வெச்சுத்தான் லிஸ்ட் போடறாங்க."

"அப்போ எல்லாரும் பெய்னன்கிட்டதான் வாங்கணும்," என்றாள் ஐர்லிஸ்.

இங்கேதான் எங்கள் ஜனங்களின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எபனேசர் சபையார் எதையும் தனித்தனியாகச் செய்வதில்லை. சாவுக்கு ஒன்றாகப் போவார்கள்; பாட்டுப் போட்டிக்கு ஒன்றாகப் போவார்கள்; கோடையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஒரு பேருந்து பேசுவார்கள். நெஸ்டா அதே பேருந்தைப் பேசினாள். ஐர்லிஸ் பெய்னனுக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தாள். அவர் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பெட்டி வரவழைத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை மழை. பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு வந்தார்கள். திராட்சை ரொட்டியும் பன்றித்தொடைச் சாண்ட்விச்சும் கட்டி எடுத்துக்கொண்டார்கள். காது கேட்காத மூப்பர் ஒருவரும் ஏறிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. கடலுக்கென்று நினைத்துத் துண்டு கொண்டுவந்திருந்தார். மெர்த்தர் போய்ச்சேரும்வரை ஞானப்பாட்டுப் பாடினார்கள்.

பெய்னன் வழுக்கைத் தலையும் தோல் சட்டையுமாக ஐம்பது வயதுக்காரர். தன் கடை வாசலில் தொப்பிகளின் வரிசையைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஒவ்வொருவரும் இசைத்தட்டை வாங்கியபின் நகராமல் நின்று, அவர் இயந்திரத்தில் எண்களைத் தட்டுவதை எட்டிப் பார்த்தார்கள்.

"என்னோடதைத் தட்டினீங்களா?"

"தட்டிட்டேம்மா."

"நான் சத்தம் கேக்கலையே."

"அது சத்தம் போடாது."

"அப்ப எதுக்கும் இன்னொரு வாட்டி தட்டிடுங்க."

"அப்படியெல்லாம் தட்டக் கூடாதும்மா." பெய்னன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஐர்லிஸைப் பார்த்து, கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "நான் சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. பாதிப் பேர் கார்டிஃப் போய் வாங்கினா நல்லாயிருக்குமே. ஒரே கடையில இவ்வளவு..."

"கார்டிஃப்காரங்க எங்களுக்கு என்ன செஞ்சிருக்காங்க?" என்றாள் நெஸ்டா. "நீங்க நல்ல மனுஷர். உங்க கடைக்கே லாபம் வரட்டும்."

அவர் மறுபடி இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். ஐர்லிஸ் ஆலையின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "ஏதாவது தேவைன்னா என்னைக் கூப்பிடுங்க," என்றாள். "பொண்ணு எங்க ஊர்ப் பொண்ணு." தன் மகள் என்று சொல்ல நினைத்தாள், அத்தனை பேர் நடுவில் ஏனோ கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. லண்டனிலிருந்து தொலைபேசி, மிஸஸ் ப்ராசருக்கு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லா இயந்திரங்களும் நின்றன.

பேசியவன் மரியாதையான இளைஞன். பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான்.

"மெர்த்தர்ல ஒரு கடையில சனிக்கிழமை ஒரு பாட்டு ரொம்ப அதிகமா வித்திருக்குங்க. கடைக்காரர் உங்க நம்பரைக் குடுத்தார். அது பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நம் கணக்கைச் சரிபார்க்கிறார்கள், யாராவது பொறுப்பாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஐர்லிஸ் நினைத்தாள். சபையில் வேதம் வாசிக்கும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"தெரியும். எல்லாரையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். பஸ் வெச்சு."

"நீங்களா? நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

ஐர்லிஸ் கண்ணாடி வழியே பார்த்தாள். நெஸ்டாவும் மற்றவர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அவளோட அம்மா," என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானது. இன்னொரு தடவை சொன்னாள். "டெலித் ப்ராசரோட அம்மா."

"கம்பெனியில உங்களைச் செய்யச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நானேதான். அடுத்த வாரமும் வேணும்னா போவோம்."

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா," என்றான். அவன் குரலில் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. ஐர்லிஸ் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னடி கேட்டாங்க?"

"யார் வாங்கினதுன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"பேரைச் சொன்னியா?"

"முழுப் பேரும் சொன்னேன்."

நெஸ்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வானொலியில் புதிய பட்டியல் வாசிப்பார்கள். கேன்டீனில் யாரும் சாப்பிடவில்லை. நாற்பதாவது வேறு யாரோ. முப்பத்தொன்பதாவதும் வேறு யாரோ. "மேல போயிருக்கும்," என்றாள் நெஸ்டா. "நாம வாங்கினதுக்கு மேலதான் போயிருக்கணும்." இருபதுகள் வந்தன. பத்துக்குள் நுழைந்தார்கள். முதலிடம் வந்தபோது, அது டெலித்தாக இருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தும், இன்னும் சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ எழுந்து வானொலியை அணைத்தார்கள். தட்டுகளில் கிழங்கு ஆறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை மாலை பெய்னன் வந்தார். நெஸ்டா கடையில் மறந்துவிட்டு வந்த குடையைக் கையில் வைத்திருந்தார். குடைக்காக யாரும் மெர்த்தரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் உச்சிக்கு வரமாட்டார்கள். ஐர்லிஸ் அவரை முன்னறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"நீங்களா யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்," என்றார் அவர். "சில கம்பெனிங்க ஆள் விட்டு, மெஷின் இருக்கிற கடையாப் பார்த்து, தங்களோட பாட்டைத் தாங்களே வாங்குவாங்க. அது திருட்டு. அதைப் பிடிக்கத்தான் அந்த ஆபீஸ். ஒரே கடையில ஒரே நாள்ல இவ்வளவு போச்சுன்னா அவங்களுக்கு அப்படித்தான் தோணும். அதுக்கு மேல, பாடற பொண்ணோட அம்மாவே பஸ் வெச்சுக் கூட்டிட்டு வந்ததாச் சொன்னதும், இந்த வார லிஸ்ட்ல இருந்தே பாட்டை எடுத்துட்டாங்க."

ஐர்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"தெரியும்மா. வேற யாரா இருந்தாலும் பொய் சொல்லியிருப்பாங்க. போன்ல பேசின பையனும் அதைத்தான் சொன்னான். ஆனா சட்டம் அப்படி."

"நாங்க வாங்காம இருந்திருந்தா?"

பெய்னன் கொஞ்ச நேரம் கணப்பின்மேல் இருந்த உறையையே பார்த்தார். "மத்த ஊர்ல எல்லாம் இந்த வாரம் நல்லா வித்திருக்கு," என்றார். "நாற்பதுக்குள்ள வர அதுவே போதுமா இருந்திருக்கும்."

"உங்களுக்கு ஏதாவது..."

"மெஷினைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. போனா போகட்டும். அன்னிக்கு ஒரே நம்பரைத் தட்டித் தட்டி விரல் வீங்கிப் போச்சு." அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். வாசலில் நின்று, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. என் கடையில அவ்வளவு சந்தோஷமா ஒரு கூட்டம் வந்ததே இல்லை," என்றார். நல்ல மனிதர். மழையில் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை டெலித் ஊருக்கு வந்தாள். கண்ணில் சாயம் இல்லை. முடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தாள். அம்மாவை அணைத்துக்கொண்டாள், கணப்பின்மேல் இருந்த தன் படத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஐர்லிஸ் ஆட்டிறைச்சிக் குழம்பு பரிமாறினாள். எப்படித் தொடங்குவது என்று அவள் மனத்துக்குள் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபையின் பின்கூடத்தில் தேநீர். எல்லோரும் இசைத்தட்டுகளோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க இயந்திரம் கிடையாது. டெலித் நீண்ட மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையிலும் பெயர் கேட்டு எழுதிக் கையொப்பமிட்டாள். காது கேட்காத மூப்பர் மூன்று கொண்டுவந்திருந்தார்.

"மாமா, மூணு எதுக்கு?"

"என்னது?"

"மூணு எதுக்கு?"

"ஆமாம்மா, ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அவர்.

நெஸ்டா நாற்காலிமேல் ஏறாத குறையாகப் பேசினாள். "கேளுங்க எல்லாரும். போன வாரம் நமக்கு ஆள் போதலை, அதான். இந்தச் சனிக்கிழமை ரெண்டு பஸ். பக்கத்து ஊர் பெத்தேல் சபைக்காரங்களையும் கேட்டிருக்கேன். நம்மளோட பேச மாட்டாங்க, ஆனா பஸ்ஸுன்னா வருவாங்க."

கூடம் முழுவதும் தலையாட்டியது. ஐர்லிஸ் எழுந்தாள். சொல்லிவிட வேண்டும். இந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

டெலித் முந்திக்கொண்டாள். "வேண்டாம் அத்தை," என்றாள், பேனாவைக் கீழே வைக்காமலேயே. "இந்தப் பாட்டோட நேரம் முடிஞ்சுது. ரெண்டு பஸ்ஸையும் அடுத்த பாட்டுக்கு வெச்சுக்கலாம். அதுக்கு இதைவிட நல்ல கோட்டா போட்டுக்கிறேன்."

"ரெண்டு கையையும் உள்ள விட்டுப் போடு," என்றாள் நெஸ்டா. எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்ததுக்குக் கண்டிப்பா வருவோம், கண்ணு."

"உங்க எல்லாரையும் நம்பித்தான் பாடறேன்," என்றாள் டெலித். அப்போது அவள் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. அதனாலேயே ஐர்லிஸுக்குப் புரிந்துவிட்டது.

இருவரும் மேட்டுத்தெருவில் வீட்டுக்கு நடந்தார்கள். யாருடைய வேலியையோ தாண்டி வந்த ஓர் ஆடு நடுத்தெருவில் நின்று அவர்களைப் பார்த்தது.

"அடுத்த பாட்டுன்னு ஒண்ணு இல்லை. இல்லையா?"

டெலித் ஆட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். "இல்லைம்மா. வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க."

"பெய்னன் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கும் எல்லாம் தெரியும்."

"நான் உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன்."

"நானும் உனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான்..." ஐர்லிஸ் நின்றாள். மேடு ஏறியதால் மட்டும் அல்ல, மூச்சு வாங்கியது. "முதல் வாரமே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒவ்வொருத்தரா மெர்த்தர் போறப்ப அங்கயும், கார்டிஃப் போறப்ப அங்கயுமா வாங்கியிருப்பாங்க. நான் அதை இழுப்பறையில போட்டு வெச்சிருந்தேன், டெலித். கவுத்து."

"எனக்குத் தெரியும்மா."

"எப்படி?"

"மூலை மடங்கலைன்னு சொன்னியே. பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை." அவள் தாயின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். "கம்பெனியில அந்த ஆள் கத்தினான். 'உங்க அம்மா நான் அவளோட அம்மான்னு ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க, உனக்குத் தெரியுமா'ன்னு. அவன் கத்தறான், எனக்கு அதுல அந்த ஒண்ணு மட்டும்தான் காதுல விழுந்துச்சு." கொஞ்சம் நடந்தபின், "நெஸ்டா அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் ஐர்லிஸ். பொய்யை அறியாத வாயால் அப்படியொரு வாக்குக் கொடுப்பது அவளுக்கு எளிதாக இல்லை. ஆனாலும் கொடுத்தாள். கடைசிவரை காப்பாற்றினாள்.

நேரத்தில் காட்டாத அன்பு பிறகு ஒரேயடியாக வந்து சேரும்போது அதைத் தாங்க எல்லா இடத்திலும் இடம் இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவரவர் ஊரில், அன்றன்றைக்கே கொடுத்திருக்க வேண்டியது அது. ஐர்லிஸ் இதை யாருக்கும் உபதேசமாகச் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு சபையில் ஒரு பிள்ளை பாடி முடித்தால், நன்றாக இருந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். பொறுத்திருந்து சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணப்பின்மேல் இருந்து உறையை எடுத்தாள். முன்னறையில் ஞானப்பாட்டுத் தட்டுகளுக்காக எம்லின் வாங்கிப்போட்ட பழைய இயந்திரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அதில் வேறு எதுவும் ஓடியதில்லை.

"அம்மா, இன்னிக்கு ஞாயிறு."

"தெரியும். உக்காரு."

முரசுச் சத்தம் வந்தது. மின்சாரக் கருவிகளின் இரைச்சல் வந்தது. ஐர்லிஸ் முகத்தைச் சுளிக்காமல் கேட்டாள். பிறகு மகளின் குரல் வந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண், பச்சைக் கோட்டு, வராத யாரோ. முதல் வரி நீளமானது. எந்தப் பெண்ணும் அதன் நடுவில் மூச்சு வாங்கியிருப்பாள். டெலித் வாங்கவில்லை. வரி முழுவதையும் கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு, பிறகுதான், மிகச் சின்னதாக ஒரு மூச்சு.

ஐர்லிஸ் கையை உயர்த்தி வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து முள் தட்டின் நடுவில் உரசிக்கொண்டே இருந்தது. டெலித் எழுந்து அதை எடுக்கப் போனாள்.

"இரு," என்றாள் ஐர்லிஸ். "முதல்ல இருந்து போடு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டெலித் முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.